குற்றாலிங்கமும் மூன்று மில்லிமீட்டரும்

குற்றாலிங்கம் இறந்த செய்தி வந்தபோது நான் என் கடையில் ஒரு பெண்ணின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்துகொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் இதுதான் முதல் வேலை. இந்த அளவு தப்பினால் பிறகு எது சரியாக இருந்தும் பயனில்லை. மேஜையில் கைப்பேசி அடித்தது. செண்பகவல்லியின் பெயர் தெரிந்தது. அவள் குற்றாலிங்கத்தின் ஒரே மகள், பள்ளிக்கூட ஆசிரியை. காலை பத்து மணிக்கு வகுப்பில் நிற்க வேண்டியவள் அழைக்கிறாள் என்றால் செய்தி என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஸ்கேலை இறக்கவில்லை. அறுபத்திரண்டு மில்லிமீட்டர் என்று இரண்டு முறை பார்த்து எழுதிவிட்டுத்தான் எடுத்தேன்.

"மாமா, அப்பா போயிட்டாங்க."

"எத்தன மணிக்கு?"

"இப்பதான். ஒம்பதே முக்காலுக்கு."

"வாரேன்" என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஃப்ரேம் எடுத்துக் காட்டி, எது பொருந்துகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் கடையைப் பூட்டினேன்.

மேலகரத்தில் அவன் வீட்டில் நல்ல கூட்டம். சிறப்பு எஸ்.ஐ. ஆக ஓய்வு பெற்றவன். நேர்மையானவர், கண்டிப்பானவர், ஒரு சொல் மாறாதவர் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் செண்பகவல்லி கடைக்கு வந்தாள். பதினாறாம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்களாம்.

"நீங்களும் எழுதணும் மாமா. அப்பாவ உங்க அளவுக்குத் தெரிஞ்சவங்க யாரும் கிடையாது."

"எழுதுனா உள்ளதத்தான் எழுதுவேன்."

"உள்ளதையே எழுதுங்க. கடைசியில மட்டும், மன்னிச்சிட்டேன்னு ஒரு வரி எழுதிருங்க. கடைசியா நீங்க அப்பாவப் பாக்க வந்தன்னைக்கு, காப்பி கொண்டுவரும்போது கேட்டேன் மாமா. அப்பா உங்ககிட்ட அதத்தான் கேட்டாங்க. நீங்க முடியாதுன்னுட்டிய. எதுக்குன்னு எனக்குத் தெரியாது. எதுக்கா இருந்தாலும் ஒரு வரிதான?"

இந்த மலரைப் படிக்கிற, அவனைத் தெரிந்த உங்களுக்கெல்லாம், முதலில் அது எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வரியைப் பிறகு பார்ப்போம்.

நாங்கள் இருவரும் தென்காசியில் ஒரே பள்ளியில் படித்தோம். அவன் வீட்டில் சிறிது வயல் இருந்தது. என் வாப்பா தறி நெய்தவர். எனக்குப் படிப்பு பத்தாவதோடு நின்றது. மற்றதெல்லாம் நானாகப் படித்தது. இருவருக்கும் போலீஸ் ஆக வேண்டும் என்று வெறி. அவனுக்கு இருபத்துமூன்று வயது, எனக்கு இருபத்துநான்கு. எனக்கு அந்தத் தேர்வுதான் கடைசி. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். ஓட்டத்தில் நான் அவனைவிட வேகம். கயிறு ஏறுவதிலும் நானே. குறுக்கே நின்றது உயரம்தான். நூற்று எழுபது சென்டிமீட்டர் வேண்டும். சுவரில் ஒட்டி நின்று அளந்து பார்த்தால் நான் நூற்று அறுபத்தொன்பது புள்ளி ஏழு. அவன் அறுபத்தொன்பது புள்ளி ஆறு. எனக்கு மூன்று மில்லிமீட்டர் குறை, அவனுக்கு நான்கு.

மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்று. ஒரு மீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு. தச்சுவேலை செய்கிறவர்கள் இதைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். அவர்களுக்கு மிகச் சிறிய அளவு ஒரு நூல், அதுவே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வரும். கதவு இடித்தால் ஒரு நூல் இழைத்துவிட்டுப் போவார்கள். உங்கள் வீட்டுச் சாமி படத்தின் முன்னால் இருக்கும் கண்ணாடியின் கனம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். அந்தக் கனத்தை என் தலைமேல் வைத்தால் நான் போலீஸ். எடுத்துவிட்டால் நான் யாருமில்லை. என் வாழ்க்கையில் மில்லிமீட்டருக்கு அர்த்தம் அதுதான்.

உயரம் கூடுவதற்கு என்னென்ன சொன்னார்களோ அத்தனையும் செய்தோம். புளியங்கிளையில் தொங்கினோம். தலையணை இல்லாமல் தரையில் நீட்டிப் படுத்தோம். அந்த வருடம் சாரல் நன்றாக விழுந்தது. உலகமே குற்றாலத்துக்கு வந்து குளித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் அருவிப் பக்கமே போகவில்லை. அது குற்றாலிங்கம் கண்டுபிடித்த சட்டம். "அவ்வளவு ஒசரத்துல இருந்து தண்ணி மண்டையில விழுந்தா எலும்பு அமுங்கிரும்லே. ஒரு குளிக்கு ஒரு மில்லி போயிரும்" என்றான். நான் நம்பினேன். ஐந்து கிலோமீட்டரில் அருவியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் வீட்டுக் கிணற்றில் சொம்பால் மோந்து, தலையில் ஊற்றாமல் தோளில் ஊற்றிக் குளித்தோம். தெருவில் எல்லாரும் கேலி செய்தார்கள். "என்னடே, ரெண்டு பேரும் அருவிக்கு விரதமா?" என்பார்கள். என் உம்மா, பையனுக்கு யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று தர்காவில் ஓதிக் கயிறு கட்டிவிட்டார்.

தேர்வு திருநெல்வேலியில். உட்கார்ந்து போனால் முதுகு அமுங்கும் என்று செங்கோட்டையிலிருந்து பலாப்பழம் ஏற்றிப் போன வண்டியில் பழங்களுக்கு நடுவே மல்லாந்து படுத்தபடியே போனோம். மைதானத்துக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. அங்கே வைத்துத்தான் கடைசி வழியைச் செய்தோம். அது எல்லாருக்கும் தெரிந்த வழி. யாரும் வெளியே சொல்வதில்லை. உச்சந்தலையில் அடித்தால் புடைக்கும். புடைப்பு நான்கு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வரும். அளக்கிற கட்டை அதன்மேல் உட்காரும்போது வலியைக் காட்டாமல் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

சிற்றாற்றில் பொறுக்கிய உருண்டைக் கல் ஒன்றை ஈரத் துண்டில் சுற்றிக் கொண்டுபோயிருந்தோம். முதலில் அவன் குனிந்தான். "பாத்து அடிலே, எனக்குக் கல்யாணம் ஆகணும்" என்றான். நான் மூன்று அடி அடித்தேன். மூன்றும் நல்ல அடி. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். தொட்டுப் பார்த்தேன். பாதி எலுமிச்சம்பழம் கவிழ்த்தது போல வந்திருந்தது.

பிறகு நான் குனிந்தேன். அவன் இரண்டு அடி அடித்தான். எனக்குக் கண் இருட்டியது.

"வந்துட்டாலே?"

அவன் விரலால் தடவிப் பார்த்தான். "வந்துட்டு வந்துட்டு. நெல்லிக்காய் கணக்கா வந்துட்டு."

"இன்னொண்ணு போடுலே."

"போதும்லே, செத்துரப் போற. வா, வா, கூப்பிடுதான்."

நான் தொட்டுப் பார்க்காமல் இல்லை. ஆனால் தலை முழுவதும் மரத்துப் போயிருந்தது. தொட்ட இடமெல்லாம் வீங்கியிருப்பதாகத்தான் தோன்றியது. தன் உச்சந்தலையைத் தானே பார்க்கிற மனிதன் கிடையாது. இன்னொருவன் சொல்வதை நம்பவேண்டியிருக்கிறது. வரிசையில் நின்ற வேறு யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தவறு.

அவனுக்குக் கட்டையை இறக்கி அழுத்தினார்கள். அவன் அசையவில்லை. இரண்டு கண்ணிலும் நீர் மட்டும் கோடாக இறங்கியது. "எதுக்குலே அழுத?" என்று அளந்தவர் கேட்டார். "வெயிலு சார், கண்ணு கூசுது" என்றான். நூற்று எழுபது, சரி என்று எழுதினார்கள். அடுத்தது நான். கட்டை வந்து உட்கார்ந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. புடைப்பே இல்லை என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. "அறுபத்தொன்பது புள்ளி ஏழு. மூணு மில்லி இல்ல. தள்ளு" என்றார். இன்னொரு முறை அளக்கக் கேட்டேன். அளந்தார். அதேதான் வந்தது. அந்த மனிதர்மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. இருப்பதைச் சொன்னார்.

குற்றாலிங்கம் பயிற்சிக்குப் போனான். நான் சவூதியில் தம்மாமுக்குப் போனேன். ஒரு கண்ணாடிக் கடையில் தரை துடைக்கிற வேலை. துடைத்துக்கொண்டே பார்த்தேன். கண்ணாடி வில்லை தேய்ப்பது, மையம் குறிப்பது, அளவெடுப்பது எல்லாம் பார்த்தே கற்றுக்கொண்டேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஊர் திரும்பிக் கடை போட்டேன். என் கடையில் அளவு தப்பியது என்று இத்தனை ஆண்டுகளில் ஒருவர் திரும்பி வந்ததில்லை. ஒரே ஒருவனைத் தவிர. அதையும் சொல்கிறேன்.

அவன் என்னை எப்படிக் கூப்பிட்டான் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். உங்களில் பாதிப் பேர் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான். "மூணு மில்லி." பஜாரில், பேருந்து நிலையத்தில், என் கடை வாசலில் என்று ஓர் இடம் விடவில்லை. என்னைத் தெரியாதவர்கள் நான் குடிகாரன் என்று நினைத்தார்கள்; வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவனில்லை நான். ஒரு சாரல் காலத்தில் மனைவியையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு பேரருவிக்குப் போயிருந்தேன். ஆண்கள் வரிசையை அவன்தான் விசிலடித்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். நூறு பேர் நடுவே லத்தியை என் பக்கம் நீட்டினான்.

"ஏலே மூணு மில்லி! நீ எதுக்கு நிக்க? அமுங்கிருவலே! வெளிய வா, ஒசரமானவன் குளிக்கட்டும்."

வரிசையே சிரித்தது. ஈரத் துண்டோடு நான் வெளியே வந்தேன். குளிக்கவில்லை. மகள் கேட்டாள்: "வாப்பா, மூணு மில்லின்னா என்ன?" என் மனைவி அவள் வாயைப் பொத்தினாள். பின்னால் கடையில் ஒருநாள் அவனிடம், "ஏம்லே அப்படிக் கூப்பிடுத?" என்று நேராகவே கேட்டேன். "உள்ளதத்தானலே சொல்லுதேன். நாலா சொன்னேன்? மூணுதான" என்றான்.

நான் நினைத்திருந்தால் ஒரு தபால் அட்டையில் அவன் வேலையை முடித்திருக்க முடியும். கல்லைப் பற்றி எழுதினால் போதும். எழுதவில்லை. பெருந்தன்மை என்று யாரும் எண்ண வேண்டாம். அடித்த கை என்னுடையது. அதனால்தான் எழுதவில்லை.

அவனைப் பற்றி நல்லதும் ஒன்று உண்டு, அதை மறைக்க நான் ஆளில்லை. ஒருநாள் ஐந்தருவியில் தண்ணீரின் நிறம் லேசாக மாறியதை அவன்தான் முதலில் பார்த்தான். விசிலை ஊதி அத்தனை பேரையும் வெளியே தள்ளினான். வராதவர்களை அடித்தான். பெண்கள் பக்கம் ஓடி, கண்ணை மூடிக்கொண்டு கத்தினான். எல்லாரும் அவனைத் திட்டினார்கள். கடைசி ஆள் படியேறியதும் மரமும் கல்லுமாக வெள்ளம் இறங்கியது. அன்று மிளகாய் பஜ்ஜிக் கடைக்காரர் ஒருவர் அவன் காலில் விழுந்தார். நானும் அங்கே இருந்தேன். எல்லாரும் அவனைத் தூக்கிக் கொண்டாடினார்கள். நான் கொண்டாடவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதைச் செய்திருப்பேன். நிற்க எனக்கு இடம் கிடைக்கவில்லை.

நாற்பது வயது தாண்டி அவனுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. என்னிடம்தான் வந்தான். "உங்கிட்டதாம்லே அளவு சரியா இருக்கும்" என்றான். கொஞ்சம் கூடுதல் பவர். முகத்தில் ஸ்கேலை வைத்து அளந்தேன். அறுபத்துநான்கு மில்லிமீட்டர். அதை அட்டையில் எழுதிவிட்டு, வில்லை தேய்க்கும்போது இரண்டு பக்கமும் மையத்தை மும்மூன்று மில்லிமீட்டர் வெளியே தள்ளித் தேய்த்தேன். கை தவறிச் செய்ததில்லை. உட்கார்ந்து, யோசித்து, அளந்து செய்தேன். மூன்று மில்லிமீட்டர் என்றால் என்னவென்று அவனுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

பத்து நாளில் வந்தான். "ஏலே, மண்ட வெடிக்குலே. எழுத்தெல்லாம் நீந்துது."

"புதுசுல்லா. பழகிரும்."

மறுபடி வந்தான். "பழகலலே."

"பழகிரும்னா பழகிரும். கழட்டாமப் போடு."

ஒன்றரை மாதம் போட்டான். பிறகு அவன் மனைவி வந்தாள். நல்ல பெண், அவனுக்கு முன்பே போய்விட்டாள். "அண்ணாச்சி, தலவலி தலவலின்னு எரிஞ்சு விழுதாக. நேத்து புள்ள சிலேட்டத் தட்டிச் சத்தம் போட்டாள்னு அவளப் போட்டு அடிச்சிட்டாக. முதுகெல்லாம் தடிச்சுக் கெடக்கு. கண்ணாடிய ஒருதரம் பாத்துக் குடுங்க" என்றாள். அன்று சாயந்திரமே புது வில்லை தேய்த்து, சரியான மையத்தில் பொருத்திக் கொடுத்தேன். மிஷின் கோளாறு என்றேன்.

செண்பகவல்லி, அந்த அடி உன் அப்பா அடித்தது. அந்தத் தலைவலி நான் செய்தது. இதை உன் அம்மாவிடமும் சொல்லவில்லை, உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன். இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். நீ அப்படி வளர்ந்தவள். அதனாலேயே கேட்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

இனி, நீ பாதி கேட்ட பேச்சு.

சிறுநீரகம் போய் அவன் படுத்திருந்த கடைசி மாதத்தில் இரண்டு முறை ஆள் விட்டான். நான் போகவில்லை. மூன்றாம் முறை அவனே போனில் பேசினான். "ஏலே, செத்தபொறவு வந்து என்ன அளக்கப் போறியா?" என்றான். மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போனேன். ஆள் பாதியாகியிருந்தான். கட்டிலில் கால் மாட்டில் இடம் நிறைய மிச்சமிருந்தது. அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அது பொய்.

அவன் சுற்றி வளைக்கவில்லை. "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுலே. நான் போகணும்" என்றான்.

"எதுக்குன்னு சொல்லு."

"அருவில வச்சுக் கேவலப்படுத்துனதுக்கு."

"அதுக்கு இல்ல. சந்துல வச்சு ஏம்லே மெதுவா அடிச்ச?"

அவன் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தபடியே சொன்னான்: "மெதுவா அடிக்கலலே. ஓங்கித்தான் அடிச்சேன். உனக்கு வீங்கல. சில மண்ட அப்படி. இன்னும் நாலு அடி அடிச்சிருந்தா வீங்கியிருக்கும். ஆனா அது வீங்குததுக்குள்ள எனக்கு வடிஞ்சிரும்னு பயந்துட்டேன். அதான் வந்துட்டுன்னு சொன்னேன்."

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். என்மேல் இரக்கப்பட்டு மெதுவாக அடித்தான் என்று சில வருடம். பொறாமையில் அப்படிச் செய்தான் என்று பல வருடம். நான் அவனைவிட வேகமாக ஓடியதுதான் காரணம் என்று நினைத்தேன். ஒரு மில்லிமீட்டர் அவனைவிட உயரமாக இருந்ததுதான் காரணம் என்றும் நினைத்தேன். அவ்வளவு பெரிதாக ஒன்றுமில்லை. அவனுக்கு அவசரம். என் வாழ்க்கை அவன் அவசரத்தில் போயிருக்கிறது.

"இப்ப சொல்லுலே" என்றான்.

அப்போதுதான் நீ காப்பியோடு வந்தாய். நான் "முடியாது" என்றதை நீ கேட்டாய். காப்பியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

உன் அப்பா சிரித்தான். பல் செட்டு கழற்றியிருந்தான், அந்த வாயோடு சிரித்தான். "நீ சொல்லமாட்டன்னு தெரியும். சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கமாட்டேன். எல்லாவனும் பாக்க வந்து ரெண்டு விரக்கட அளவு கூட்டிச் சொல்லிட்டுப் போறான். நல்லவன்கான், வல்லவன்கான். உள்ள அளவு சொல்ல நீ ஒருத்தன்தாம்லே இருக்க" என்றான்.

பிறகு கையை நீட்டினான். நான் எட்டிப் பிடித்தேன். வெறும் எலும்பு. ஆனால் பிடி போலீஸ்காரன் பிடிதான். அரை மணி நேரம் அவன் விடவில்லை. காப்பி ஆறி ஆடை படிந்தது. நர்ஸ் வந்து ஊசி போடவேண்டும் என்றபோதும், இன்னொரு கையில் போடு என்று கண்ணால் காட்டினான்.

உனக்கு வேண்டிய வரியை நான் எழுதப்போவதில்லை. அவன் கேட்டபோதே கொடுக்காததை அவன் இல்லாதபோது அச்சடித்துக் கொடுப்பது எனக்குப் பழக்கமில்லை. அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த அரை மணி நேரத்தை மட்டும். அதில் மன்னிப்பு இல்லை. அது இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் அவன் கையை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.